உப்புத்தாள் அக்கா

அக்காவின் கைப்பையில் சீப்பு இருந்து நான் பார்த்ததில்லை. உப்புத்தாள் இல்லாமல் இருந்தும் பார்த்ததில்லை. தச்சர்கள் கதவு தேய்க்கிற முரட்டுத் தாள் முதல், காருக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற மழமழப்பான தாள் வரை, நாலாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். கச்சிபௌலியில் எங்கள் அலுவலக வாசலில் பையைத் திறந்து பார்க்கிற செக்யூரிட்டி அந்தத் தாள்களை எடுத்துப் பார்ப்பார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்ப்பார். மென்பொருளைச் சோதிக்கிற குழுவின் லீடுக்கு உப்புத்தாள் எதற்கு என்று அந்த மனிதர் எத்தனை நாள் மண்டையைக் குடைந்துகொண்டாரோ தெரியாது. அக்கா விளக்கம் சொன்னதில்லை. பையை வாங்கிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விடுவார்.

பேசாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சேலை, சினிமா, தான் குடியிருக்கிற அல்வாலில் தண்ணீர் வராத கதை, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மாமியார் கதை, எல்லாம் பேசுவார். ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல மாட்டார். தான் ஒரு காரியத்தை ஏன் செய்கிறோம் என்பதை. அந்த இடம் வந்ததும் குழாயை மூடினாற்போல நின்றுவிடும்.

எனக்கோ காரணம் தெரியாமல் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. சாத்தூரில் அம்மா, “இவ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு” என்பாள். அப்படிப்பட்டவள் இப்படிப்பட்டவரின் குழுவில் போய் மாட்டினேன்.

நான் ஹைதராபாத்துக்கு வந்ததே அப்பாவோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தில். வேலை இருக்கிறவரை இங்கே இருக்கலாம். வேலை போனால் மறு ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். ஊரில் மாமா மகன் ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர், அச்சகம் வைத்திருந்தார். ஆனால் அந்த வாழ்க்கையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும். அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார். “வேலை இருக்குல்ல தாயி?” இருக்குப்பா என்பேன். அந்த ஒரு வார்த்தையில்தான் என் ஹைதராபாத் முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

கம்பெனிகளில் காசு புரண்ட காலம் அது. ஊழியர்களை மகிழ்விக்க என்ன செய்யலாம் என்று அதற்கென ஒரு துறையே யோசித்துக்கொண்டிருந்தது. அவர்கள் யோசித்ததில் ஒன்று பௌலிங். தூரத்தில் முக்கோணமாக நிற்கும் கட்டைகளைக் கனமான பந்தை உருட்டிச் சாய்க்கிற ஆட்டம். எங்கள் குழுவில் நன்றாக ஆடிய நாலைந்து பேருக்கு விரலுக்கு அளவெடுத்துத் துளை போட்ட சொந்தப் பந்தே வாங்கிக் கொடுத்தார்கள். என் பந்து கத்திரிப்பூ நிறம். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

முதல் நாள் நான் நாலைந்து முறை உருட்டியதும் அதைக் கையில் வாங்கினார் அக்கா. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தார், பையிலிருந்து தாளை எடுத்தார், தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

“அக்கா, என்னக்கா பண்றீக? புதுப் பந்துக்கா.”

“அக்கா நக்கோ, வேணாம். பேர் சொல்லிக் கூப்பிடு, ஆஃபீஸ் இது.”

“சரிக்கா. ஏன்க்கா தேய்க்கிறீக?”

தேய்த்து முடித்து, துடைத்து, என் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருந்த பந்து அடுப்பில் கிடந்த உருளைக்கிழங்கு மாதிரி ஆகியிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“போட்டுப் பாரு” என்றார்.

போட்டேன். அதுவரை நேரே ஓடி ஓரத்துக் கட்டை ஒன்றைத் தொட்டுவிட்டுப் போன பந்து, இப்போது முக்கால் தூரத்தில் சட்டென்று உள்ளே திரும்பி அத்தனை கட்டைகளையும் வாரிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தேன். அக்கா பஜ்ஜி வாங்கப் போயிருந்தார்.

விஷயத்தை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பலகைப் பாதையின் முன்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பூசியிருப்பார்களாம். பளபளப்பான பந்து அதில் வழுக்கிக்கொண்டு நேரே ஓடும், கடைசியில்தான் திரும்பும். தேய்த்து மங்கலாக்கிய பந்துக்குப் பிடிப்பு அதிகம், சீக்கிரம் வளையும். ஆட ஆட எண்ணெய் காய்ந்துவிடும். காய்ந்த பாதையில் முரட்டுப் பந்து பாதி வழியிலேயே வளைந்து எங்கோ போய்விடும். ஆகவே எண்ணெய் இருக்கும்போது தேய்ப்பு, காய்ந்ததும் பாலிஷ். இந்த நாலு வரியை அக்கா சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நான் கொதித்த நாட்கள் உண்டு. ஒரு வாரம் என் பந்தைத் தேய்ப்பார், மறுவாரம் அதே பந்துக்குப் பாலிஷ் போட்டு மின்ன வைப்பார். எங்கள் எல்லோர் பந்துகளும் அவர் கையில்தான் இருந்தன. நாங்கள் உருட்டினோம், அவ்வளவுதான்.

அலுவலகத்திலும் இதே கதை. புரோகிராம் எழுதுகிறவர்கள் முடித்துவிட்டோம் என்று மார்தட்டி அனுப்புவதை அக்கா ஒரு முறை பார்ப்பார், திருப்பி அனுப்பிவிடுவார். அவர்கள் படையெடுத்து வருவார்கள். எங்கே தப்பு, எதற்காகத் திருப்பினீர்கள் என்று மேசையைச் சுற்றி நிற்பார்கள். “ஓட்டிப் பாரு” என்பார். முனகிக்கொண்டே போய் ஓட்டிப் பார்ப்பார்கள். சில நாள் தப்பைக் கண்டுபிடித்துத் தலையைச் சொறிந்துகொண்டு வருவார்கள். சில நாள் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லையே என்று வந்தால், “ஹவ்” என்று ஒரு தலையாட்டல். ஆமாம் என்று அர்த்தம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் பக்கம் என்பதால் அப்பா அம்மாவிடமிருந்து வந்த அவருடைய வேலூர்த் தமிழில் இந்த ஊர் உருது பாதி கலந்திருந்தது. ஒன்றும் இல்லாததை ஏன் திருப்பினார்? தெரிந்தா, தெரியாமலா? அதைப் பற்றிப் பேசியே எங்கள் கேன்டீனில் டீ ஆறும்.

அவர் வீட்டுக்கு முதல்முறை போனபோது சமையலறையில் இரண்டு கிரைண்டர்களைப் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த டேபிள் டாப் கிரைண்டர்கள். ஒன்று மாவுக்கு. மற்றதில் கல்லை எடுத்துவிட்டு, பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றிச் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தார். அதன்மேல் பந்தை உட்கார்த்தி சுவிட்சைப் போட்டால் பந்து தட்டாமாலை சுற்றும். அக்கா நனைத்த தாளை உள்ளங்கையில் வைத்து மேலே அழுத்துவார். என் பந்தாக இருந்தால் கத்திரிப்பூ நிறத்தில் பால் வழியும். அரிசி ஊறப்போடாத வீட்டில் கிரைண்டர் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் மாவு கடன் கேட்டு வந்ததாக அக்காவின் கணவர் சொல்வார். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர் அவர், நான் சார் என்பேன். சாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இட்லிக்கு அழைத்திருந்தார்கள். முந்தின நாள் அக்கா எங்கோ போயிருந்தபோது சாரே ஆசையாக மாவு அரைத்து வைத்திருந்தார். மாவு பொங்கி, மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா சமையலறைக்குள் வந்தார். மாவைப் பார்த்தார், கிரைண்டர்கள் இருந்த அலமாரியின் பக்கம் ஒரு பார்வை, பாத்திரத்தைத் தூக்கினார், அப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டார். அத்தனை மாவும் போயிற்று. சார் கையில் கரண்டியோடு நின்றார்.

“உப்பு ஜாஸ்தியா?” என்றார் பாவம்.

அக்கா ரவையை எடுத்து வறுக்க ஆரம்பித்தார். உப்புமா வந்தது. சாப்பிட்டுக் கை கழுவப் போனபோதுதான் நான் கவனித்தேன். சைக்கிள் டியூப் கழற்றித் துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சார் தவறிப்போய்ப் பந்து தேய்க்கிற கிரைண்டரில் மாவு அரைத்திருக்கிறார். பாலிஷ் மருந்து எத்தனை கழுவினாலும் அந்தப் பாத்திரத்தை விட்டுப் போகாது. சாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் கொடியில் தொங்கிய டியூபைத் தொட்டுப் பார்த்தார். “இதை வாயால சொன்னா என்னம்மா?” என்றார். பிறகு சிரித்தார். “கல்யாணம் ஆன புதுசுல என் சட்டையெல்லாம் எடுத்து வேற பீரோவுக்கு மாத்துனா. கேட்டேன், சொல்லல. அடுத்த மாசம் பழைய பீரோ முழுக்கக் கரையான். தெரிஞ்சு மாத்துனாளா, சும்மா மாத்துனாளா? இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நானும் அவ வச்ச இடத்துலயே சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன்.”

ஒரே ஒரு தடவை அக்காவிடமிருந்து ஒரு பதிலைப் பிடுங்கினேன். கம்பெனி பஸ் வர நேரமாயிற்று, வாசலில் நின்றிருந்தோம். நான் கொண்டுவந்த சாத்தூர்க் காராச்சேவைக் கொறித்துக்கொண்டிருந்தார், நல்ல மனநிலை. காரணம் சொல்லக் கூடாது என்று ஏதாவது வேண்டுதலா அக்கா என்று கேட்டேன்.

“சாத்தூர்,” என்றார். என்னை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். “காரணம் சொன்னா நீ காரணத்தோட சண்டைக்கு நிப்பே. பந்து போட மாட்டே.”

அது என்னைப் பற்றிய உண்மை என்பதால் எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை என்பது பஸ் ஏறி உட்கார்ந்த பிறகே உறைத்தது.

பிறகு அமெரிக்காவில் வங்கிகள் சாய்ந்த வருஷம் வந்தது. எங்கள் கேன்டீனில் முதலில் பஜ்ஜி நின்றது, அப்புறம் பழச்சாறு நின்றது, அப்புறம் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். நேற்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மேசை இன்று துடைத்து வைத்திருக்கும். அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு நான் சொன்ன பதிலில் குரல் இறங்கியிருக்க வேண்டும். “அச்சகத்துல நல்ல ஓட்டமாம்” என்று அவரும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் மேலாளர்களுக்கெல்லாம் மேலானவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தார். இரண்டு குழுக்களை ஒன்றாக்கப்போகிறார், அவர் பொறுக்குகிற சிலர்தான் மிஞ்சுவார்கள் என்று பேச்சு. கூட்டத்தில் நான் நன்றாகப் பேசினேன். அவருக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை பௌலிங்கில் உன் ஆட்டத்தைப் பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. பந்து உருட்டி வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்று இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று நான் நம்பினேன், எல்லோரும் நம்பினோம்.

என் பந்து அப்போது பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்போடு முந்தின இரண்டு வாரமும் கட்டைகள் நன்றாக விழுந்தன. சனிக்கிழமை காலை அக்கா அதை வாங்கினார். முரட்டுத் தாளை எடுத்தார்.

“அக்கா, இன்னைக்கு வேண்டாம்க்கா. இருக்குறபடியே இருக்கட்டும்.”

“குடு.”

“ஏன்க்கா?”

தேய்த்தார். நானும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டேன். மேலானவர் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். அதற்குள் சும்மா கிடந்த எங்கள் பாதைகளைப் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஆடித் தீர்த்ததில் எண்ணெய் எல்லாம் போயிருந்தது. ஆட்டம் தொடங்கியது. தொடங்கிவிட்டால் பந்தின்மேல் தாள் வைக்கக் கூடாது, அது விதி.

என் முதல் பந்து பாதி தூரம் போவதற்குள் இடதுபுறமாகக் கழன்று ஓரத்துக் கால்வாயில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. தள்ளி நின்று போட்டேன், மெதுவாகப் போட்டேன், சாமியைக் கும்பிட்டுக்கொண்டு போட்டேன். மேலானவர் முதலில் கைதட்டி உற்சாகப்படுத்தினார், பிறகு மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். அப்போதுதான் அக்காவின் முறை வந்தது. அவர் தன் பந்தைத் தூக்கினார். சிவப்புப் பந்து. விளக்கு வெளிச்சமெல்லாம் அதில் தெரிந்தது. தன் பந்துக்கு மட்டும் பாலிஷ் போட்டு வைத்திருந்தார்.

அதே காலை, அதே பாதை, அதே கை. எனக்குத் தாள், தனக்குப் பாலிஷ். அவர் பந்து நேரே போய்க் கடைசியில் அழகாகத் திரும்பிக் கட்டைகளைச் சாய்த்தது.

திங்கட்கிழமை அக்கா என் மேசைக்கு வந்தார். “நாளையிலேர்ந்து நீ ஜீடிமெட்லா.”

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஆலைக்கு எங்கள் கம்பெனி சின்னதாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. எடை போடுகிற மெஷின் சொல்வதும் கம்ப்யூட்டர் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்று நாள் முழுவதும் சரிபார்க்கிற வேலை. தொழிற்பேட்டை முழுக்க மூக்கைத் துளைக்கிற மருந்து வாடை. தலைக்கு வலை, காலுக்குத் துணியுறை. அங்கே அனுப்பப்படுகிறவர்களை அடுத்தது வெளியேதான் என்று கச்சிபௌலியில் சொல்வார்கள். என் பெயரைக் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

“நான்தான். ஒரு பேர் கேட்டாங்க.”

“ஏன்க்கா என் பேரு?”

“போய்ப் பாரு” என்றார்.

போனேன். வேறு என்ன செய்ய? அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். போட்டி இல்லாமல் தான் மட்டும் மிஞ்சுவதற்காக என் பந்தைத் தேய்த்தார், என்னையும் தேய்த்து எறிந்தார் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு கசப்பாக இருந்தாலும் ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. கடைசியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டதே.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. மழைக்காலம் முடிகிற நேரத்தில் கச்சிபௌலியில் எங்கள் பழைய குழுவை ஒரே நாளில் மூடினார்கள். மேலானவர் பொறுக்கியெடுத்த முத்துகளும் சேர்த்துத்தான். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலில் நின்றார்களாம். அக்காவும் நின்றார். ஜீடிமெட்லா வேலை வேறு கணக்கு என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கேட்டார், “வேலை இருக்குல்ல தாயி?” இருக்குப்பா என்றேன்.

இது வரப்போகிறது என்று அக்காவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் என்னைக் கரையேற்றினாரா? தெரிந்திருந்தால் தன் பெயரையே கொடுத்திருக்கலாமே? தெரியாது என்றால், என்னைத் துரத்தியதுதான் உண்மை என்றாகிறது. அப்படியானால் துரத்தப்பட்டதால் பிழைத்தேனா? பந்தைத் தேய்த்தது, மேலானவர் கண்ணில் நான் படாமல் இருக்கவா, அல்லது காலையில் எண்ணெய் இருந்தது என்பதற்காகவா? எண்ணெய் இருந்தது என்றால் அவர் பந்து ஏன் மின்னியது? ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் இன்னொரு பக்கம் முடிச்சு விழுந்தது. ஜீடிமெட்லாவிலிருந்து அல்வால் பக்கம்தான். பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அக்கா வீட்டில் இருந்தார். நைட்டியில், தலையை அள்ளி முடிந்துகொண்டு. என்னைக் கண்டதும் வா என்றுகூடச் சொல்லவில்லை. “பந்து கொண்டாந்தியா? குடு” என்று வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கிரைண்டரில் உட்கார்த்தினார். சுவிட்சைப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி நான் கேட்டேன். அன்றைக்கு ஏன் தேய்த்தீர்கள், ஏன் என் பெயரைக் கொடுத்தீர்கள், இரண்டையும் கேட்டேன்.

சுவிட்சை நிறுத்தினார். பந்து சுற்றி ஓய்ந்தது.

“உனக்கு வேலை இருக்குல்ல, சாத்தூர்?”

“இருக்கு.”

“அப்புறம் கைக்கு கேக்குறே?” இந்த ஊர்ப் பேச்சில் கைக்கு என்றால் எதற்கு.

“தெரிஞ்சாத்தானக்கா, உங்களுக்கு நன்றி சொல்லணுமா, உங்ககூடச் சண்டை போடணுமான்னு நான் முடிவு பண்ண முடியும்?”

“ரெண்டும் பண்ணு” என்றார். சுவிட்சைப் போட்டுவிட்டார்.

வாசல்வரை சார் வந்தார். எதையாவது சொல்லி என்னைத் தேற்ற வேண்டும் என்று அவருக்கு இருந்தது. “நீ ரொம்ப வேகமா போடுவியாமே. வேகமா போடுறவங்க பந்து முரடா இருக்கணும், தன்னை மாதிரி மெதுவா போடுறவங்களுக்குப் பாலிஷ்னு ஒரு நாள் யார்கிட்டயோ போன்ல சொல்லிட்டு இருந்தா. அதுவா இருக்கும்மா” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டேன். அதற்குள் அவரே, “ஆனா அந்தச் சனிக்கிழமை காலைல அவ டிபன் சாப்பிடல. கை நடுங்குதுன்னா. அது எதுக்குன்னு தெரியல” என்றார். நல்ல மனிதர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நான் அல்வாலுக்குப் போகவில்லை. மருந்து ஆலையில் வேலை வளர்ந்தது. என்னை அங்கே லீடாக்கினார்கள். ஒரு நாள் பிற்பகல் ஆலையின் அதிகாரி என் அறைக்குள் எட்டிப் பார்த்து, இன்னும் ஒருவரை எடுக்கலாம், உனக்குத் தெரிந்து யாராவது இருந்தால் ஒரு பெயர் சொல் என்றார். அவர் கேட்டு முடிக்கவில்லை, நான் அக்காவின் பெயரைச் சொல்லியிருந்தேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. அக்காவிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆலை அலுவலகத்திலிருந்தே அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் அக்கா நின்றார். காட்டன் சேலை, சாப்பாட்டுப் பை, அதே கைப்பை. செக்யூரிட்டி உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

“கைக்கு என் பேரைக் கொடுத்தே?”

பதில் வேண்டும் என்றே அவர் ஏன் என்று கேட்டு நான் கேட்பது அதுதான் முதல்முறை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல ஆயிரம் பதில்கள் வாய்வரை வந்தன. நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள், அதற்காக. இல்லை, நீங்கள் என்னை இந்த வாடைக்குள் தள்ளினீர்கள், நீங்களும் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும், அதற்காக. என் கையின்கீழ் நீங்கள் வேலை பார்ப்பதை நான் பார்க்க வேண்டும். வேலை இல்லாமல் நீங்கள் நைட்டியில் நின்றது என்னால் தாங்க முடியவில்லை. எது? எல்லாமே உண்மையாக இருந்தது. ஒன்றைத் தனியாக எடுத்து இதுதான் என்று சொல்ல என்னால் முடியவில்லை. என் காரியத்துக்கே எனக்குக் காரணம் தெரியவில்லை. அப்படியானால் அந்தச் சனிக்கிழமை, கை நடுங்கத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்த இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்?

“உள்ளே வந்து பாருங்கக்கா” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டில் ஏதோ வந்தது, சிரிப்பா சலிப்பா தெரியவில்லை. “ஹவ்” என்றார். செக்யூரிட்டியிடமிருந்து தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். தலைக்கு வலை மாட்டியபோது ஒரு பக்கம் கோணலாக இருந்தது. நான் அதை இழுத்துச் சரிசெய்தேன். குனிந்து காட்டினார்.